பிள்ளையின் முகத்தில் எதையாவது பூச முன்னர் இதை வாசியுங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். வயசுக்கு வந்த பிள்ளைகள் உள்ள உம்மாமார் வாசியுங்கள். பென்சிக் கடை வைத்திருக்கும் சகோதரர்களும், வட்ஸ்அப்பில் கிரீம் விற்கும் சகோதரிகளும் கட்டாயம் வாசியுங்கள். கோபம் வரும். வரட்டும்.

நாங்கள் ஆசிரியர்கள். பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துத்தான் எங்கள் தொழில் நடக்கிறது. பாடம் விளங்கியதா என்று வாய் சொல்ல முன்னர் முகம் சொல்லிவிடும். அந்த முகத்தைத்தான் தரம் எட்டு, ஒன்பதுக்கு வந்த பிள்ளைகள் ஒளிக்கின்றார்கள். சில பெண் பிள்ளைகள் ஷோலை இழுத்துக் கன்னத்தை மூடிக்கொண்டு கடைசி வாங்கில் போய் உட்காருகின்றார்கள். ஆண் பிள்ளைகள் தலைமயிரை நெற்றியில் இழுத்து விட்டுக்கொள்கின்றார்கள். பிறகு ஒரு நாள் அதே பிள்ளை வெளிறிய முகத்தோடு, கன்னம் மட்டும் சிவந்து, வெயிலில் ஐந்து நிமிடம் நிற்க முடியாமல் வருகிறது. "என்ன பூசினீங்க மகள்?" என்று கேட்டால் ஒரே பதில்தான்: "பேர் தெரியாது டீச்சர், உம்மா வாங்கித் தந்த."

பேர் தெரியாது! வீட்டில் கோழிக்குத் தீன் வாங்கினாலும் பேர் கேட்டு வாங்குகின்றோம். பிள்ளையின் முகத்தில் பூசுவதற்குப் பேர் தேவையில்லையாம்.

முதலில் ஒரு விசயத்தை நேராகச் சொல்லி விடுவோம். முகப்பரு அசுத்தத்தால் வருவதில்லை. கெட்ட எண்ணத்தால் வருவதில்லை. இறால் தின்றதால், மிளகாய் தின்றதால், எங்கள் கிணற்று உவர்த்தண்ணியால் வருவதில்லை. வயது வரும்போது ஹோர்மோன் மாறுகிறது. தோலில் எண்ணெய் கூடுகிறது. மயிர்க்காலின் வாயில் இறந்த தோல் சேர்ந்து அடைத்துக்கொள்கிறது. அடைபட்ட இடத்தில், எல்லோருடைய தோலிலும் சாதாரணமாக வாழும் ஒரு பக்டீரியா பெருகுகிறது. உடம்பு அதோடு சண்டை பிடிக்கிறது. அந்தச் சண்டைதான் சிவப்பு, வீக்கம், சீழ். இவ்வளவுதான் பரு. உலகம் முழுக்கப் பெரும்பாலான இளம் பிள்ளைகளுக்கு ஏதோ ஓர் அளவில் வருவது. மருந்து உள்ள நோய்.

ஆனால் எங்கட ஊரில் அது நோயாகப் பார்க்கப்படுவதில்லை. கலியாணச் சந்தையில் விலை குறையும் குறையாகப் பார்க்கப்படுகிறது. "என்ன புள்ள, மொகமெல்லாம் இப்படி?" என்று கலியாண வீட்டில் நாலு பேருக்கு முன்னால் கேட்கும் மாமிமார் எத்தனை பேர்? அந்தக் கேள்விக்குப் பயந்துதான் உம்மா கடைக்கு ஓடுகிறாள். கடைக்காரர் பருவுக்கு மருந்து கொடுப்பதில்லை, வெள்ளையைக் கொடுக்கிறார். பரு என்று போன பிள்ளைக்கு நிறம் விற்கப்படுகிறது. எங்கள் சண்டை இதோடுதான்.

அந்த டப்பாவில் என்ன இருக்கிறது? பெரும்பாலும் இரண்டில் ஒன்று. சிலவேளை இரண்டும்.

ஒன்று ஸ்டெரொய்ட். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல், மொமெட்டசோன் என்று பெயர் போட்டிருக்கும். அல்லது போடாமலே கலந்திருக்கும். இவை நல்ல மருந்துகள்தான், கரப்பான் போன்ற நோய்க்கு டொக்டர் சொன்ன இடத்தில், சொன்ன நாள் கணக்குக்கு. முகப் பருவில் பூசினால் என்ன நடக்கும்? முதல் வாரம் அற்புதம் நடக்கும். இரத்தக் குழாய் சுருங்கும், சிவப்பு இறங்கும், முகம் வெளிறும். "அந்தக் கிரீம் சுப்பர், அஞ்சு நாளில கிளியர்" என்று உம்மா பக்கத்து வீட்டுக்கும் சொல்வாள். பிறகு தோல் மெலியும். நரம்பு நரம்பாகச் சிவப்புக் கோடு தெரியும். கன்னத்தில் மயிர் முளைக்கும். நிறுத்தினால் முன்பைவிட மோசமாகப் பரு கொதித்துக் கிளம்பும். பயந்து மறுபடி பூசுவார்கள். பூசினால் அடங்கும். நிறுத்தினால் கிளம்பும். பிள்ளை அந்த டப்பாவுக்கு அடிமை. வியாபாரிக்கு மாதாமாதம் நிச்சயமான வாடிக்கை.

இரண்டாவது பாதரசம். ஆம், பழைய தேர்மோமீட்டருக்குள் இருக்குமே, அதே பாதரசத்தின் உப்பு. தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதை அது தடுக்கும். அதனால்தான் வெளுக்கிறது. தோலின் வழியாக உடம்புக்குள் போய்ச் சிறுநீரகத்தைப் பிடிக்கும். பூசுகின்றவரோடு அது நிற்பதுமில்லை. துவாய், தலையணை, கைகள் வழியாக வீட்டிலுள்ள சின்னப் பிள்ளைகளுக்கும் போகும். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் போகும்.

"சும்மா பயங்காட்டாதீங்க டீச்சர்" என்பீர்கள். கடலுக்கு அந்தப் பக்கம் கேரளாவின் மலப்புரத்தைப் பாருங்கள். எங்களைப் போலவே முஸ்லிம்கள் அதிகம், வளைகுடா உழைப்பும் அதிகம் உள்ள மாவட்டம். அங்கே கோட்டக்கலில் உள்ள ஒரு வைத்தியசாலையில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு வகைச் சிறுநீரக நோயோடு 22 பேர் வந்தார்கள். அதில் 15 பேருக்கு இருந்தது அந்த நோயின் அபூர்வமான ஒரு வகை. அந்த 15 பேரில் 13 பேர் முகம் வெளுக்கும் கிரீம் பூசியவர்கள். டொக்டர்கள் இதை மருத்துவச் சஞ்சிகையில் எழுதியிருக்கின்றார்கள்.

இன்னொன்று. 2019 கடைசியில் பாகிஸ்தானின் காலநிலை மாற்ற அமைச்சு, தன் நாட்டுச் சந்தையில் இருந்த 59 வெளுக்கும் கிரீம்களைப் பரிசோதித்த முடிவை வெளியிட்டது. 56 இல் அனுமதித்த அளவுக்கு மேல் பாதரசம். அந்த அளவு கிலோவுக்கு ஒரு மில்லிகிராம். இலங்கையிலும் சுற்றாடல் நீதிக்கான நிலையம் கடைகளில் கிரீம்களை வாங்கிப் பரிசோதித்து, பாதரசம் இருப்பதைத் திரும்பத் திரும்ப வெளியிட்டிருக்கிறது. 2023 நவம்பரில் ஜெனீவாவில் நடந்த மினமாட்டா உடன்படிக்கை மாநாட்டில் அந்த ஒரு மில்லிகிராம் சலுகையும் எடுக்கப்பட்டது. 2025 ஆம் ஆண்டோடு பாதரசம் சேர்த்த அழகுசாதனம் எதுவுமே இருக்கக் கூடாது என்று நாடுகள் முடிவெடுத்தன. இலங்கையும் அந்த உடன்படிக்கையில் உள்ள நாடு. உலகம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. எங்கட ஊர்க் கடைகளில் லேபல் இல்லாத டப்பா இன்னும் கண்ணாடி அலுமாரியில் முன்வரிசையில்.

சரி, அப்போ பருவுக்கு என்னதான் பூசுவது?

பருவுக்கு என்றே ஆராய்ந்து செய்த ஜெல்கள் உண்டு. இரண்டு மருந்து சேர்ந்த ஜெல்களை டொக்டர்கள் அதிகம் எழுதுகின்றார்கள். இங்கேதான் ஒரு குழப்பத்தை வியாபாரிகள் பயன்படுத்துகின்றார்கள். "இதுவும் மிக்ஸ் பண்ணினதுதான், அதுவும் மிக்ஸ் பண்ணினதுதான்" என்கின்றார்கள். இல்லை உறவுகளே. டியூபில் உள்ள கலவைக்கு ஒவ்வொரு மருந்தின் பெயரும் சதவீதமும் அச்சிட்டிருக்கும். யார் செய்தது, யார் இறக்குமதி செய்தது, எப்போது காலாவதி என்று இருக்கும். டப்பாவில் உள்ள கலவைக்கு உம்மாவும் இல்லை, வாப்பாவும் இல்லை.

எதற்கு இரண்டு மருந்து? பரு ஒரு காரணத்தால் மட்டும் வருவதில்லை என்று மேலே சொன்னோமே, அதனால்தான். பென்சோயில் பெரொக்சைட் என்பது பக்டீரியாவைக் கொல்லும். கிருமி அதற்குப் பழகிக்கொள்வதில்லை. அடாபலீன் என்பது அடைபட்ட மயிர்க்கால் வாயைத் திறக்கும், புதிதாக அடைக்க விடாது. கிளின்டாமைசின் என்பது அன்டிபயோட்டிக். அதைத் தனியாக மாதக்கணக்கில் பூசினால் கிருமி பழகிவிடும், பிறகு மருந்து வேலை செய்யாது. அதனால்தான் அதைப் பென்சோயில் பெரொக்சைட்டோடு சேர்த்துத் தருகின்றார்கள், அதையும் சில மாதத்துக்கு மேல் இழுப்பதில்லை. அடாபலீனும் பென்சோயில் பெரொக்சைட்டும் சேர்ந்த ஜெல் ஒன்று, கிளின்டாமைசினும் பென்சோயில் பெரொக்சைட்டும் சேர்ந்தது இன்னொன்று. மூன்றும் சேர்ந்த ஒரு ஜெல்லுக்கு 2023 ஒக்டோபரில் அமெரிக்காவில், 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று அனுமதி கிடைத்தது. எந்தப் பிள்ளைக்கு எது என்பதை டொக்டர் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டு ராத்தாவின் டியூப் உங்கள் மகளுக்கு இல்லை.

இப்போது இதையும் சொல்ல வேண்டும். நல்ல ஜெல்லைக் கையில் கொடுத்தாலும் அதைப் பாழாக்கும் பழக்கம் எங்கள் ஊரில் இருக்கிறது. முதல் நாளே முகம் முழுக்க அப்புவது. எரிந்தால் "இது கூடாத மருந்து" என்று மூன்றாம் நாள் எறிவது. பிறகு டப்பாவுக்குத் திரும்புவது. ஆகவே பூசும் முறையைக் கவனமாக வாசியுங்கள். டொக்டர் வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் டொக்டர் சொன்னதே சரி.

1. முதலில் காதுக்குக் கீழே அல்லது தாடை ஓரத்தில் சின்ன இடத்தில் மூன்று நாள் பூசிப் பாருங்கள். மிக அபூர்வமாகச் சிலருக்குப் பென்சோயில் பெரொக்சைட் கடுமையான ஒவ்வாமை தரும். முகம், உதடு வீங்கினால், மூச்சுத் திணறினால், மயக்கம் வந்தால் உடனே ஆஸ்பத்திரி. 1990 க்கு அடியுங்கள்.

2. இரவில் பூசுவது நல்லது. இஷா தொழுது, முகத்தை மென்மையான சோப்பால் கழுவி, ஒற்றித் துடைத்து, நன்றாகக் காய விட்டுப் பூசுங்கள். ஈரமான தோலில் பூசினால் கூட எரியும். காலையில் சுபஹுக்கு வுழூ செய்யும்போது கழுவினால் போதும். ஐந்து நேரமும் வுழூச் செய்யும் பிள்ளை ஒவ்வொரு தடவையும் சோப் போடக் கூடாது. தண்ணீர் போதும். சோப் நாளுக்கு இரண்டு தடவைதான்.

3. முழு முகத்துக்கும் ஒரு பட்டாணிக் கடலை அளவுதான். நெற்றி, இரு கன்னம், மூக்கு, தாடை என்று புள்ளி வைத்து மெல்லியதாகப் பரப்புங்கள். பருவின் மேல் மட்டும் தொட்டுத் தொட்டு வைக்கக் கூடாது. இந்த ஜெல் அடுத்து வரவிருக்கும் பருவையும் தடுக்கத்தான். கண், உதடு, மூக்கு ஓரம், வெட்டுக் காயம் ஆகியவற்றில் படக் கூடாது.

4. முதல் இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பூசுங்கள். தோல் காய்வது, இலேசாக உரிவது, சிவப்பது, கொஞ்சம் எரிவது எதிர்பார்த்ததுதான். வாசனை இல்லாத மொய்ஸ்சரைசர் பூசலாம். தாங்க முடியாமல் எரிந்தால் இரண்டு மூன்று நாள் நிறுத்தி, டொக்டரைக் கேட்டு மறுபடி தொடங்குங்கள். கூடிய சதவீதம் கூடிய பலன் என்று நினைக்க வேண்டாம். 2.5 சதவீதப் பென்சோயில் பெரொக்சைட், 10 சதவீதம் அளவுக்கே சிவந்த பருவைக் குறைக்கிறது, எரிச்சல் குறைவு என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

5. எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பொறுங்கள். ஒரு தவணைக் காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தவணை படிக்காமல் சோதனையில் புள்ளி கேட்கும் பிள்ளையை ஏசுகின்றோமே, ஐந்து நாளில் தெளிவு கேட்பதும் அதே கணக்குத்தான்.

6. வெயில். கல்பிட்டி, நுரைச்சோலை, முந்தல் பக்கத்து வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இந்த ஜெல் பூசும் தோல் வெயிலில் சீக்கிரம் எரியும். குடை பிடியுங்கள். சன்ஸ்கிரீன் பூச முடிந்தால் பூசுங்கள்.

7. இந்த ஜெல் துணியின் நிறத்தை வெளுக்க வைக்கும். நிற ஷோல், தலையணை உறை கவனம். வெள்ளை உறை போடுங்கள்.

8. டியூபைச் சூட்டில் வைக்காதீர்கள். தகரக் கூரைக்குக் கீழ் ஜன்னல் ஓரம், அடுப்படி, வேனின் முன் தட்டு எதுவும் கூடாது. பென்சோயில் பெரொக்சைட் சூட்டில் உடைந்தால் பென்சீன் என்ற நச்சு உருவாகலாம். 2024 இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வுகூடம் இதைக் கிளப்பியது. அங்குள்ள உணவு மருந்து நிர்வாகம் 95 பொருட்களைப் பரிசோதித்து, 2025 மார்ச்சில் முடிவைச் சொன்னது. பத்தில் ஒன்பதுக்கு மேல் பென்சீன் இல்லை, அல்லது மிக மிகக் குறைவு. அளவு கூடிய ஒருசிலவற்றைத் திருப்பி எடுத்தார்கள். ஆகவே பயப்படத் தேவையில்லை, குளிர்ந்த நிழலில் வைத்தால் போதும். காலாவதியானதை எறியுங்கள். சில ஜெல்களைப் பிரிட்ஜில் வைக்க வேண்டும், பெட்டியில் எழுதியிருக்கும்.

9. கர்ப்பிணிகள், பிள்ளை பெற யோசிப்பவர்கள், பால் கொடுப்பவர்கள் டொக்டரிடம் அதைச் சொல்லாமல் இதைத் தொடக் கூடாது. அடாபலீன் கர்ப்ப காலத்துக்கு இல்லை. கிளின்டாமைசின் பூசும் நாட்களில் கடுமையான வயிற்றோட்டம், இரத்தம் கலந்த வயிற்றோட்டம் வந்தால் நிறுத்தி டொக்டரிடம் போங்கள்.

10. இதோடு சேர்த்து எலுமிச்சம்புளி, பற்பசை, ஸ்கிரப் எதுவும் வேண்டாம். பருவைக் கிள்ளவும் வேண்டாம். கிள்ளினால் வடு.

இனி நீங்கள் சொல்லும் சாட்டுகளுக்கு வருவோம்.

"டொக்டருக்குச் செலவு." அரசாங்க ஆஸ்பத்திரியில் ஓபிடிக்குக் காசு இல்லை. கல்பிட்டியிலோ புத்தளத்திலோ ஓபிடியில் காட்டி, தோல் கிளினிக்குக்குக் கடிதம் கேளுங்கள். எந்த நாள், எந்த ஆஸ்பத்திரி என்று அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எங்களால் முடியாத விலை என்று டொக்டரிடம் சொன்னால், மலிவான மருந்தை எழுதுவார்கள். மாதம் தவறாமல் டப்பா வாங்கும் காசைக் கூட்டிப் பாருங்கள், எது செலவு என்று தெரியும்.

"கலியாணம் முடிச்சா சரியாப் போகும்." அதுவரைக்கும் வரும் வடுவை எந்த மாப்பிள்ளை வந்து எடுப்பார்? கட்டி கட்டியாக, வலியோடு, குழி விழுகிற பரு என்றால் ஜெல் மட்டும் போதாது. நாள் கடத்தாமல் காட்ட வேண்டும். மாதவிடாய் ஒழுங்கில்லாமல், தாடையில் மயிரும் பருவும் சேர்ந்து வந்தால் அதையும் டொக்டரிடம் சொல்ல வேண்டும். ஐசோட்ரெட்டினொயின் என்ற மாத்திரையை யாரிடமும் இரவல் வாங்கிக் குடிக்கக் கூடாது. கர்ப்பத்தில் பிள்ளையைக் கடுமையாகப் பாதிக்கும் மருந்து அது.

"சவூதியில இருந்து உம்மா அனுப்பின, நல்லதாத்தான் இருக்கும்." உம்மாவின் பாசத்தில் சந்தேகம் இல்லை. வேறொரு வீட்டில் உழைத்து, மகளுக்கென்று வாங்கி அனுப்பியது. அந்தப் பாசத்தை விற்றுக் காசு பார்த்தவன் மீதுதான் எங்கள் கோபம்.

"எங்கட ஆக்கள் விற்கிறாங்க, வியாபாரத்தக் கெடுக்காதீங்க." எங்கட ஆக்கள் என்றபடியால்தான் சொல்கின்றோம். நிறுவையில் குறைப்பது ஹராம் என்று ஜும்ஆவில் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். என்ன இருக்கிறது என்று தெரியாத ஒன்றை "ஒண்ணும் செய்யாது" என்று சத்தியம் செய்து விற்பது எந்தக் கணக்கில் சேரும்? நீங்களே சொல்லுங்கள்.

கடைக்காரச் சகோதரர்களே, இறக்குமதியாளர் பெயரும் உள்ளடக்கமும் காலாவதித் திகதியும் இல்லாத டப்பாவை இன்றே அலுமாரியில் இருந்து இறக்குங்கள். பாமசிக்காரச் சகோதரர்களே, ஸ்டெரொய்ட் கிரீமைத் துண்டு இல்லாமல் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். பேஸ்புக்கில் வீட்டு போர்முலா விற்கும் சகோதரிகளே, உங்கள் போர்முலாவில் என்ன இருக்கிறது என்று டப்பாவில் எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் விற்காதீர்கள். பள்ளி நிர்வாகத்தினர் ஒரு ஜும்ஆவில் ஐந்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். லேபல் இல்லாமல் விற்பவர்களைப் பற்றி நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 இல் யாரும் சொல்லலாம். ஊர்ப் பகை என்று அதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது அந்த டப்பாவைப் பூசிக்கொண்டிருக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு: பிள்ளையை ஏசாதீர்கள். வெளுக்கும் கிரீம் என்றால் பூசுவதை நிறுத்துங்கள். டப்பாவை இறுக்கி மூடி, பொலித்தீன் பையில் கட்டி, டொக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். எரிக்க வேண்டாம், பாதரசம் புகையாக வரும். மாதக்கணக்கில் ஸ்டெரொய்ட் பூசிய முகம், நிறுத்தும்போது கொதிக்கும். எப்படிக் குறைத்து விடுவது என்று டொக்டர் சொல்வார். அந்த ஒன்றிரண்டு மாதம் பிள்ளையின் முகம் மோசமாகத்தான் இருக்கும். அந்த நேரத்தில் அவள் கண்ணாடியைப் பார்ப்பதைவிட உங்கள் வாயைத்தான் அதிகம் கவனிப்பாள்.

கடைசியாக மாமிமாருக்கு. அடுத்த கலியாண வீட்டில் பரு உள்ள பிள்ளையைக் கண்டால், "என்ன படிக்கிறீங்க மகள்?" என்று கேளுங்கள். அவளுக்குச் சொல்வதற்கு நிறைய இருக்கும். எங்கள் வகுப்பில் இருக்கும் பிள்ளை அவள், எங்களுக்குத் தெரியும்.

தேவையானவர்களுக்குப் பகிருங்கள்.